வாங்கியது இருட்டில், திட்டியது வெளிச்சத்தில்

டெல்லி ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் இஸ்ரேல் பேச்சு வந்தால் போதும். யாராவது ஒருத்தர், "இந்திரா காந்தி இருந்திருந்தா இப்படிக் குழைவாங்களா? அவங்க கொள்கைன்னா கொள்கைதான்" என்று பெருமூச்சு விடுவார். போன வாரம் எனக்குத் தயிர் சாதம் தொண்டையில் இறங்கவில்லை.

எது சார் கொள்கை?

1971. பங்களாதேஷ் போர் வரப்போகிறது. நமக்கு மார்ட்டர்களும் குண்டுகளும் அவசரமாகத் தேவை. ரகசியமாகக் கொடுத்தது இஸ்ரேல். கோல்டா மேயர் பதிலுக்கு எதிர்பார்த்தது தூதரக உறவு. அம்மையார் சரக்கை வாங்கிக்கொண்டார், உறவை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனைக்கும், யார் மனசு நோகுமென்று தயங்கினோமோ அந்த அரபு நாடுகளில் ஒன்றான ஜோர்டான், அதே போரில் பாகிஸ்தானுக்குப் போர் விமானம் அனுப்பியது!

போரில் ரகசியம் சகஜம்தானே என்பீர்கள். சரி, டிசம்பர் 16-ல் போர் முடிந்துவிட்டதே, அப்புறம்? 1975 நவம்பரில், சியோனிசம் ஒருவகை இனவெறி என்ற ஐ.நா. தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாகக் கை தூக்கியது. 1950-லேயே நாம் அங்கீகரித்த நாட்டுக்கு, 1992-ல் நரசிம்ம ராவ் முழு உறவு ஏற்படுத்தும்வரை பம்பாயில் ஒரு துணைத் தூதரகம்தான்.

உடனே என்னை இஸ்ரேல் ஜால்ரா என்று முத்திரை குத்தாதீர்கள். பாலஸ்தீனர்களுக்கு நடந்தது, நடப்பது அநியாயம். கோபமே அதனால்தான். இஸ்ரேல் இனவெறி நாடு என்று நிஜமாகவே நம்பியிருந்தால் அவர்கள் குண்டைத் தொட்டிருக்கக் கூடாது. உயிர் போகிற அவசரம், வேறு வழியில்லை என்றால், பிற்பாடாவது நாட்டு மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும். தூதரகத்தைத் திறந்து, எதிரே உட்கார்ந்து, "1967-ல் பிடித்த இடத்தைக் காலி பண்ணு" என்று கேட்டிருக்க வேண்டும். பேச்சுவார்த்தையே இல்லாத வீட்டில் பஞ்சாயத்து பண்ண முடியுமா?

அந்த 'கொள்கை'யால் பாலஸ்தீனனுக்கு ஒரு சாண் நிலம் திரும்பக் கிடைத்ததா? இல்லை. நமக்குக் கிடைத்தது ஒரு கெட்ட பழக்கம். ஆயுதம் வேறு, நியாயம் வேறு என்று தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டும் பழக்கம். இன்றைக்கு இஸ்ரேலோடு வெளிப்படையாகக் கைகுலுக்குகிறோம், ஆயுதமும் வாங்குகிறோம். நியாயப் பெட்டி மட்டும் இன்னும் திறக்கவில்லை. அதைப் பூட்டியவர்களில் அம்மையாரும் ஒருவர்.

அடுத்த முறை பெருமூச்சு விடுமுன் கொஞ்சம் யோசியுங்கள் சார்.