உயிர் பிழைச்சாச்சு... அப்புறம்? பாதியில் நிற்கும் பிசியோதெரபியால் முடங்கும் குடும்பங்கள்

சென்னை:

அடிபட்டவர் உயிரை காப்பாற்றும் விஷயத்தில் தமிழ்நாடு ரொம்ப தூரம் வந்துவிட்டது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்தது. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்-நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. ரோட்டில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் காசு கேட்காமல் சிகிச்சை தர வேண்டும் என்பதே அந்த திட்டம். ரத்தக்கட்டியால் பக்கவாதம் வந்தவரை நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோனால், கட்டியை கரைக்கும் ஊசி போடும் வசதி பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது.

சரி, 49-வது மணி நேரத்தில் இருந்து என்ன நடக்கிறது? சிக்கல் அங்கேதான்.

'டிஸ்சார்ஜ்' சீட்டில் கடைசி வரியாக 'பிசியோதெரபி' என்று எழுதி அனுப்புகிறார்கள். மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு ஓடும் குடும்பம், அந்த கடைசி வரியை பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. நாலு நாள் போகிறார்கள். ஆட்டோவுக்கு காசு, கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். "கை இன்னும் அசையலையே" என்று அஞ்சாவது நாள் நின்று விடுகிறார்கள். கொத்தனார், லோடுமேன், டெய்லர் என்று அன்றாடம் கையை, காலை நம்பி பிழைத்தவர் கட்டிலோடு கிடக்கிறார். அவரைப் பார்த்துக் கொள்ள மனைவியும் வேலையை விடுகிறார். ஒருவர் விழுந்தால் இரண்டு சம்பளம் போகிறது.

'கரண்ட்' வைப்பது மட்டும் சிகிச்சை இல்லை

பிசியோதெரபி என்றால் 'கரண்ட் வைப்பது' என்றே நம்ம ஊரில் பேச்சு. மெஷினை மாட்டி பத்து நிமிடம் படுத்துவிட்டு வந்தால் போதும் என்று நினைப்பு. ஆனால் பக்கவாதத்துக்கு முக்கிய மருந்தே பயிற்சிதான். பக்கவாதத்தில் கை, கால் கெடுவதில்லை. அவற்றுக்கு உத்தரவு போடும் மூளையின் ஒரு பகுதி செத்துப் போகிறது. ஒரே அசைவை நூறு தடவை, ஆயிரம் தடவை திரும்பத் திரும்ப செய்யும்போது, மூளையின் மற்ற பகுதி அந்த வேலையை மெல்ல கற்றுக் கொள்கிறது. குழந்தை நடை பழகுவது போலத்தான். மெஷின் இதற்கு துணைக்கு வரலாம், அதுவே போதாது.

இதில் காலம் முக்கியம். முதல் 3 மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். 6 மாதம் வரை ஓரளவு நன்றாக வரும். அதற்குப் பிறகும் முன்னேறலாம், வேகம் குறைந்து விடும். இந்த பொன்னான 3 மாதத்தைத்தான் பலர் எண்ணெய் தேய்ப்பதிலும், புறா ரத்தம் தடவுவதிலும் தொலைக்கிறார்கள். புறா ரத்தத்தால் பக்கவாதம் போகும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. புறாவுக்கு உயிர் போனதுதான் மிச்சம்.

வீட்டில் செய்யும் தப்பும் உண்டு. நோயாளியை எழுப்ப, விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கிறார்கள். தசை பலம் இல்லாத தோள்மூட்டு இதனால் இறங்கி, பிறகு கையைத் தொட்டாலே அலறும் அளவுக்கு வலி வருகிறது. கடையில் விற்கும் பந்தை வாங்கிக் கொடுத்து "அமுக்கு, அமுக்கு" என்கிறார்கள். விரல் மடங்கி இறுகிப் போகிறவருக்கு விரலை விரிக்கும் பயிற்சிதான் தேவை, பந்து எல்லோருக்கும் ஒத்துவராது. அசையாமல் கிடப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லை என்றால் படுக்கைப்புண் வந்து, பயிற்சி செய்யவே முடியாமல் போய்விடும்.

நடந்தால் மட்டும் போதுமா?

நடக்க வைப்பது பிசியோதெரபி. நடந்து போய் என்ன செய்வது என்று சொல்லித் தருவது 'ஆக்குபேஷனல் தெரபி'. தமிழில் தொழில்வழி சிகிச்சை, செயல்முறை சிகிச்சை என்று சொல்கிறார்கள். 'தொழில்' என்ற வார்த்தையைப் பார்த்து வேலை வாங்கித் தரும் இடம் என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் பல் துலக்குவது, சாப்பாட்டை பிசைந்து சாப்பிடுவது, சட்டை பட்டன் போடுவது, கக்கூஸ் போய் வருவது, இதெல்லாம் ஒரு மனிதனின் அன்றாட 'தொழில்'. அதைத்தான் திரும்பக் கற்றுத் தருகிறார்கள்.

அதில் இருக்கும் சூட்சுமங்கள் எளிமையானவை. சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதை கடைசியாக எடுக்க வேண்டும். கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும். மாடி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பலமில்லாத கால் முன்னே. பிடிக்க வராத ஸ்பூனின் காம்பில் பழைய சைக்கிள் டியூப்பை சுற்றி தடிமனாக்கினால் கைக்குள் நிற்கும். பலகையில் இரண்டு ஆணி அடித்து காயை அதில் குத்தி வைத்தால், ஒரே கையால் நறுக்கலாம். உட்கார்ந்து எழும் கக்கூசில் ஓட்டை போட்ட நாற்காலியை வைத்து, சுவரில் ஒரு கைப்பிடி அடித்தால், பாதி நேரம் இன்னொருத்தர் உதவி தேவைப்படாது.

பாசம்கூட இதில் எதிரியாக மாறும். "நீ கஷ்டப்படாதே, நான் ஊட்டுறேன்" என்று மாதக்கணக்கில் ஊட்டிவிட்டால், வரக்கூடிய கையும் வராமல் போகும். மூளை அந்த கையை மறந்துவிடும். அரை மணி நேரம் ஆகட்டும், சட்டையில் சிந்தட்டும், அவரே சாப்பிட்டால்தான் அது பயிற்சி. பெண் நோயாளி விஷயத்தில் இது வேறு மாதிரி நடக்கிறது. ஒரு கையால் சமைக்க ஆரம்பித்ததுமே "அதான் வேலை பாக்குறாளே" என்று பயிற்சியை நிறுத்திவிடும் வீடுகள் இருக்கின்றன.

வேலூர் காட்டிய வழி

இந்த சிகிச்சை தமிழ்நாட்டுக்கு புதிது இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்கு கீழே உணர்விழந்தார். அவர் வீட்டில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்த துறைக்கே தலைமை ஏற்றார். வேலூர் பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எழுந்து நடக்க முடியாத ஒருவர், நூற்றுக்கணக்கானவர்களை எழுப்பி உட்கார வைத்தார்.

வட்டாரத்துக்கு ஒருவர்

அரசு இதை கவனிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. செயற்கை கால் செய்து பொருத்துவதும் அங்கே நடக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் செயல்படுகிறது. 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்க்கப்பட்டது. இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

யோசனை நல்ல யோசனை. கணக்குதான் இடிக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற அளவில் ஆள் போட்டார்கள். ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊர், எத்தனை தெரு! ஒருவர் எல்லா வீட்டுக்கும் தினமும் போக முடியாது. பயிற்சியோ தினமும் தேவைப்படுகிறது. அதனால் வந்து போகிறவர் செய்வதை வேடிக்கை பார்க்காமல், வீட்டில் ஒருவர் அதை கற்றுக் கொண்டால்தான் பலன் கிடைக்கும். அந்தக் குழுவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் இருந்தால் கக்கூஸ், சமையல்கட்டு பிரச்சினைக்கும் வழி பிறக்கும்.

பயணமும் ஒரு தடைதான். 2021-ல் வந்த உத்தரவுப்படி சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும், அவருக்கு உதவியாக வருபவருக்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் ஒரு கால் இழுத்துக்கொண்டவர் அந்த பஸ்சின் உயரமான படியில் எப்படி ஏறுவார்? சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தள பஸ்கள் திரும்ப வந்தன. அது கிடைக்காத ஊர்க்காரர் ஆட்டோவுக்குத்தான் அழ வேண்டும்.

இந்த நிலையில் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, வார்டை விட்டு கிளம்பும் முன்பு குடும்பத்தார் மூன்று விஷயத்தை கேட்டு வாங்க வேண்டும் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். தினமும் செய்ய வேண்டிய பயிற்சியை நேரில் செய்து காட்டச் சொல்ல வேண்டும். செல்போனில் அதை வீடியோ எடுத்துக் கொள்ளலாம். மறுபடி வர வேண்டிய தேதியை சீட்டில் எழுதி வாங்க வேண்டும். வீட்டுக்கு அருகில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது என்று கேட்க வேண்டும். நடக்கவே முடியாதவர் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஊருக்கு வரும் பெண் சுகாதார தன்னார்வலரிடமோ பெயர் கொடுக்கலாம். விவரம் தெரியாதவர்கள் 104 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.