கடைசிக் கடையும் திறக்கும்வரை: கடைத்தெரு மக்களின் கொள்கைப் பிரகடனம்

மதுரை, செப்டம்பர் 2020

மதுரைக் கடைத்தெருக்களை நம்பி வாழ்கிறவர்கள் நாங்கள். எங்களில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு, கடையில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. நடைபாதையில் சாக்கு விரித்து விற்பவர்களும் மூட்டை சுமப்பவர்களும் பூக்கட்டுபவர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் உண்டு. எங்களிடம் பொருள் வாங்கும் குடும்பங்களும் எங்களோடு சேர்ந்திருக்கின்றன. எல்லோரும் ஒன்றுகூடி இந்தப் பிரகடனத்தை ஊரின் முன் வைக்கிறோம்.

செப்டம்பர் 1 அன்று மீனாட்சியம்மன் கோயிலில் பக்தர்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. மாவட்டத்துக்குள் பேருந்துகள் ஓடின. 7ஆம் தேதி முதல் வெளி மாவட்டங்களுக்கும் ஓடுகின்றன. ஊர் திறந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் கோயில் திறப்பதற்கு முந்தைய நாள்தான், ஆகஸ்ட் 31 அன்று, கடன் தவணைக்கு ரிசர்வ் வங்கி கொடுத்திருந்த ஆறு மாத அவகாசம் முடிந்தது. கடை திறந்த வாரத்திலேயே கடனும் வாசலில் வந்து நிற்கிறது. மாசி வீதிகளில் நடந்து பாருங்கள். ஷட்டர் ஏறாத கடைகள் இருக்கின்றன. ஷட்டர் ஏறிய கடைகளிலும் பாதித் தட்டுகள் காலியாக இருக்கின்றன. நடைபாதையில் வழக்கமாக உட்காரும் அக்காவின் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. முதல் இல்லாமல் அவர் இன்னும் வரவில்லை.

ஆகவே முதலில் ஒன்றை அறிவிக்கிறோம். ஒரு தெருவின் கடைசிக் கடையும் திறந்து, அதில் உழைப்பவருக்குக் கூலி கிடைக்கும்வரை, அந்தத் தெரு திறந்துவிட்டதாக நாங்கள் ஏற்க மாட்டோம். இந்த இயக்கத்தின் அடிப்படை இதுதான்.

நடந்தது என்ன

மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகம் அடங்கியது. கொரோனா நோயின் வேகம் தெரிந்ததால் நாங்களும் மனமொப்பி அடங்கினோம். எங்களுக்கு அது பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் காலம். சித்திரைத் திருவிழாவில் வரும் வருமானத்தை வைத்து ஆண்டு முழுவதையும் ஓட்டுகிறவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில், தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வேண்டிக்கொண்டவர்கள் உடுத்தும் சல்லடத்தையும் தலையில் கட்டும் உருமாவையும் தைப்பவர்கள் அவர்கள். திருவிழாவுக்கு மாதக்கணக்கில் முன்பே துணியும் ஜரிகையும் கடனுக்கு எடுத்துத் தைத்து அடுக்கிவிடுவார்கள். இந்த ஆண்டு மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் கோயிலுக்குள் சில பட்டர்களோடு நடந்தது. ஊர் அதைத் திரையில் பார்த்தது. அழகர் வைகையில் இறங்கவில்லை. தைத்த சல்லடங்கள் மூட்டையாகவே இருக்கின்றன. ஜரிகைக் கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

மல்லிகைக்கு நேர்ந்ததும் இதுவே. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, விடியலில் மொட்டாகப் பறித்தால் அன்று இரவே மலர்ந்துவிடும். நிறுத்திவைத்து விற்க வழியில்லாத சரக்கு அது. கோயிலும் கல்யாணமும் நின்றபோது பறிக்கும் கூலிக்குக்கூட விலை கிடைக்கவில்லை. செடியிலேயே பூவை விட்டுவிட்டார்கள் விவசாயிகள். உசிலம்பட்டித் தோட்டத்தில் பறிப்பவர், மாட்டுத்தாவணியில் எடை போடுபவர், வாசலில் உட்கார்ந்து சரம் தொடுப்பவர், முழம் போட்டு விற்பவர் என்று ஒரு பூவை நம்பிய நான்கு வீடுகளில் ஒரே நாளில் உலை நின்றது.

மே மாதம் தளர்வுகள் வந்தன. 11ஆம் தேதி முதல் டீக்கடைகள் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். நின்று குடித்து, இரண்டு வார்த்தை பேசிப் போகிறவர்களால் ஓடும் கடைக்குப் பார்சல் எவ்வளவு கைகொடுக்கும்? அதற்குப் பின் ஜூன் 24 முதல் ஜூலை 14 வரை மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு. முதல் ஊரடங்கில் கரைந்தது சேமிப்பு. இரண்டாவதில் நகை அடகுக்குப் போனது. அடகு வைக்க எதுவும் இல்லாதவர்கள் தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் போனார்கள்.

சாத்தான்குளத்தையும் நாங்கள் மறக்கவில்லை. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டில் ஜூன் 19 அன்று காவல்துறை பிடித்துவைத்த தந்தையும் மகனும் சில நாள்களுக்குள் காவலில் இறந்துபோனார்கள். தமிழகத்தில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அன்று தன் கடை வாசலையும் தன் பிள்ளையையும் நினைத்து நடுங்கினோம்.

சென்னைக் கோயம்பேடு சந்தை தந்த பாடத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சந்தையைப் பிரித்துப் பல இடங்களில் நடத்தும் யோசனை ஏப்ரலிலேயே எழுந்தது. பேச்சு முடிவுக்கு வரவில்லை. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அதற்குள் தொற்று, ஊர் திரும்பிய தொழிலாளர்களோடும் லாரிகளோடும் பல மாவட்டங்களுக்குப் போய்விட்டது. நம் பரவை காய்கறிச் சந்தையிலும் தொற்று பரவியது. கூட்டம் சேர்வதைத் தடுக்க வணிகர்களே முன்வராவிட்டால் நோய் நம்மை மூடவைக்கும். அந்த மூடல் எந்த அரசாணையையும்விட நீளமாக இருக்கும்.

நாங்கள் நம்புவது

1. உயிரா பிழைப்பா என்று எங்களைக் கேட்காதீர்கள். காய்ச்சல் வந்தவன் கூலி போய்விடுமே என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தால் தெருவே படுத்துவிடும். அவனுக்கு வீட்டிலிருக்கும் நாளுக்கும் கூலி உண்டு என்றால் தெரு பிழைக்கும். கூலிக்கு உத்தரவாதம் தருவதே முதல் நோய்த்தடுப்பு.

2. கடைத்தெரு ஒரே உடம்பு. ஜவுளிக்கடைக்கு வருகிறவர்தான் இட்லிக்கடையில் சாப்பிடுகிறார், பூ வாங்குகிறார், ஆட்டோ ஏறுகிறார். பெரிய கடை மட்டும் பிழைத்துச் சிறிய கடைகள் மூடிப்போனால், நாளடைவில் பெரிய கடைக்கும் ஆள் வராது.

3. மூடுவதன் சுமையைத் தாங்குகிறவர்களுக்கு, எப்போது மூடுவது, எப்படித் திறப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி வேண்டும்.

4. நடைபாதை வியாபாரம் உரிமை. தெருவோர வியாபாரிகளுக்காக 2014இல் இயற்றிய சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெருவோர வியாபாரிகளும், அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும் என்றும், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அந்தச் சட்டம் விதிக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி அதைக் கிடப்பில் போட முடியாது.

நாங்கள் செய்வது

பிறரிடம் கேட்கும் முன் எங்களை நாங்களே கட்டிக்கொள்கிறோம்.

முகக்கவசம் இல்லாமல் விற்க மாட்டோம். கடை வாசலில் தண்ணீரும் சோப்பும் இருக்கும். ஏசியை நிறுத்திக் கதவையும் சன்னலையும் திறந்துவைப்போம். வேலையாளுக்குக் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பிப் பரிசோதனைக்கு அழைத்துப் போவோம். தொற்று வந்த கடையைத் தெரு ஒதுக்கிவைக்காது. அந்தக் குடும்பத்துக்கு அரிசியும் பாலும் கொண்டுபோய்க் கொடுப்பது தெருவின் வேலை.

ஒவ்வொரு தெருவிலும் பொதுநிதி தொடங்குகிறோம். அன்றன்று கல்லாவை மூடும்போது கடைக்கு இயன்ற தொகை உண்டியலில் விழும். முதல் இல்லாமல் முடங்கியவருக்கு அதிலிருந்து வட்டியில்லாக் கைமாற்று. மொய் நோட்டில் எழுதிவைத்து, காலம் வரும்போது திருப்பிச் செய்கிற ஊர் இது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பொருந்துகிற நாணயம் கடைக்கும் பொருந்தும். கணக்கு வாரம்தோறும் தெருமுனைப் பலகையில் எழுதப்படும்.

மொத்த வியாபாரிகள் சில்லறைக் கடைகளுக்கு முதல் சரக்கைக் கடனாகத் தருவார்கள். தட்டுப்பாட்டைக் காட்டி யாரும் விலை ஏற்ற மாட்டோம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்று இப்போது சவாரி இல்லாமல் நிற்கும் ஆட்டோக்களில், வெளியே வர முடியாத முதியோர் வீடுகளுக்குத் தெருக் கடைகளின் பொருள்களைக் கொண்டுசேர்ப்போம். இதனால் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு, ஓட்டுகிறவருக்கு வருமானம்.

தொற்று மறுபடி ஏறினால் உத்தரவுக்குக் காத்திராமல் நாங்களே கடைகளை மூடுவோம். நெரிசலான சந்தையைத் திடல்களுக்குப் பிரித்துக்கொண்டு போகவும் தயாராக இருப்போம்.

நாங்கள் கேட்பது

அரசிடம்: மூடச் சொல்லும் நாளிலேயே, மூடப்படும் கடைகளின் வாடகைக்கும் அங்கே வேலை பார்ப்பவர்களின் சாப்பாட்டுக்கும் வழி சொல்லுங்கள். உதவி, நலவாரியத்தில் பதிவானவர்களோடு நின்றுவிடக் கூடாது. பதிவு இல்லாதவர்களைத் தெருவிலேயே முகாம் போட்டுப் பதிவு செய்யுங்கள்.

கடை நேரத்தைச் சுருக்காதீர்கள், விரித்துக் கொடுங்கள். பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்த நகரம் இது என்று மதுரைக்காஞ்சி சொல்கிறது. இன்றும் இரவு இட்லிக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் வியாபாரம் தொடங்குவதே மற்றவர்கள் கடை சாத்தும் நேரத்தில்தான். இரவு 8 மணிக்குக் கடையை மூடச் சொல்லும் கட்டுப்பாடு அவர்களின் முழு வருமானத்தையும் பறிக்கிறது. பகல் கடைகளிலும் கூட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் நெருக்கிவிடுகிறது. நேரம் கூடினால் நெரிசல் குறையும்.

காவல்துறையிடம்: கடைநேர விதியை யாராவது மீறினால் எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள், அபராதம் போடுங்கள். லத்தி வேண்டாம். எந்த வியாபாரியையும் இந்தக் காரணத்துக்காகக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போகக் கூடாது.

மாநகராட்சியிடமும் அறநிலையத்துறையிடமும் வக்ஃபு வாரியத்திடமும்: உங்கள் கடைகள் மூடியிருந்த மாதங்களுக்கு வாடகை கேட்காதீர்கள். நகர விற்பனைக் குழுவைக் கூட்டி, அடையாள அட்டையை உடனே வழங்குங்கள். ஜூன் மாதம் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிக்கு 10,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும். ஆனால் அட்டையோ பரிந்துரைக் கடிதமோ இல்லாதவரால் வங்கிப் படி ஏற முடியவில்லை. மாசி வீதிகளில் தோண்டிப்போட்ட சாலைகளையும் விரைந்து முடியுங்கள். ஆள் நடக்க முடியாத தெருவில் வியாபாரம் நடக்காது.

வங்கிகளிடமும் நுண்கடன் நிறுவனங்களிடமும்: அவகாசக் காலத்தில் வட்டிக்கு வட்டி போட்டதை நீக்குங்கள். சிறுகடன்களுக்குத் தவணையை நீட்டுங்கள். குழுக்கடன் வாங்கிய பெண்களின் வீட்டு வாசலில் இரவு வரை உட்கார்ந்து வசூலிப்பதை நிறுத்துங்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துமாறு மாவட்ட ஆட்சியரிடம் தெருவாரியாக மனுக் கொடுப்போம்.

கடைக் கட்டடங்களின் உரிமையாளர்களிடம்: உங்களில் பலர் கடை வாடகையை வைத்தே குடும்பம் நடத்துகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மூடியிருந்த மாதங்களுக்குப் பாதியைத் தள்ளுங்கள், மீதியைத் தவணையாக வாங்குங்கள். அட்வான்ஸில் கழித்துவிட்டுக் காலி செய்யச் சொல்லாதீர்கள். பல ஆண்டுகள் வாடகை தவறாமல் கொடுத்தவருக்கு அந்த மரியாதை உண்டு.

ஊராரிடம்

கைபேசியில் ஆர்டர் போடுவது எளிது. ஆனால் ஊரடங்கில் கையில் காசில்லாதபோது பாக்கி எழுதிக்கொண்டு அரிசி, பருப்பு கொடுத்தது உங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. அந்தப் பாக்கி நோட்டில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் இருந்தால், முடிந்ததை இந்த மாதம் கொடுங்கள். பூக்காரம்மாவிடமும் கீரைக்காரம்மாவிடமும் பேரம் பேசாதீர்கள். தீபாவளித் துணியைத் தெருத் தையல்காரரிடம் கொடுங்கள். முகக்கவசம் அணிந்து வாருங்கள், கூட்டமில்லாத நேரத்தில் வாருங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் மாவு மில்லுக்கும் பால்காரருக்கும் டியூஷன் டீச்சருக்கும் கைமாறி இதே ஊரில் சுற்றும்.

இயக்கம் நடக்கும் விதம்

இது கட்சி சார்பற்ற இயக்கம். கட்சிகளிடமோ பெருநிறுவனங்களிடமோ நிதி வாங்க மாட்டோம். தெருக்குழுவில் பாதி இடம் வேலையாட்களுக்கும் சுமைதூக்கும் தோழர்களுக்கும் நடைபாதை வியாபாரிகளுக்கும் உரியது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருப்பார்கள். சாதி, மதம் பார்த்து உதவி கிடையாது. தொற்றைப் பரப்பினார்கள் என்று எந்தச் சமூகத்தையும் பழிக்கும் பேச்சுக்கு எங்கள் தெருவில் இடமில்லை.

எங்கள் முதல் வேலை இந்த வாரமே தொடங்குகிறது. ஒவ்வொரு தெருவிலும் மூடிக்கிடக்கும் கடைகளையும் காலியாக இருக்கும் நடைபாதை இடங்களையும் ஒன்றுவிடாமல் எழுதுவோம். உரியவர் வீட்டுக்குப் போய், திறக்க என்ன வேண்டும் என்று கேட்போம். சரக்கா, வாடகையா, மருந்தா, வட்டிக்காரரிடம் பேச ஆளா என்று குறித்துவருவோம். அக்டோபர் 25, ஆயுத பூஜைக்குள் பட்டியல் முடியும். அன்று கடைக்குப் பொட்டு வைக்கும்போது, திறக்காத பக்கத்துக் கடைக்கு யார் என்ன பொறுப்பு என்பதும் முடிவாகியிருக்கும். நவம்பர் 14, தீபாவளிக்குள் பட்டியலின் கடைசிப் பெயரும் கடை திறந்திருக்க வேண்டும்.

இதற்கு உடன்படும் எவரும் எங்களவரே. உங்கள் தெருக்குழுவில் பெயர் கொடுங்கள், கையெழுத்திடுங்கள், பட்டியல் எழுத எங்களோடு நடந்து வாருங்கள். எந்தக் கடையையும் பின்னால் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று நாங்கள் உறுதி ஏற்கிறோம்.