கேம் விளையாடினா ஃபைன், டெஸ்டிங்குக்கு மனப்பாடமா?

லேபில் கேம் விளையாடினால் ஃபைன். அதே லேபில் நடக்கும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாடத்துக்கோ, 'பிளாக் பாக்ஸ் டெஸ்டிங் என்றால் என்ன?' என்று மனப்பாடக் கேள்வி. நான் சொல்வது: மனப்பாடத்துக்கு ஃபைன் போடுங்கள், கேமைப் பாடமாக வையுங்கள்!

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் ஐடிக்குள் நுழைய டெஸ்டிங்கும் ஒரு வாசல். இன்டர்வியூவில் பேனாவை நீட்டி "இதை டெஸ்ட் பண்ணு" என்பார்கள். டெஃபனிஷன் மட்டும் படித்தவன் அங்கே முழிப்பான்.

2014-ல் வந்த 2048 எல்லோருக்கும் தெரியும். ஒரு வரிசையில் 2, 2, 4 இருக்கிறது. இடப்பக்கம் தள்ளினால் 8 வருமா? வராது, 4, 4 தான். ஒரே நகர்த்தலில் சேர்ந்த கட்டம் மறுபடி சேராது. இது பக்கா, ரூலா? எதை வைத்து முடிவு செய்வீர்கள்? இந்தக் கேள்விதான் ஐயா டெஸ்டிங்!

"விளையாட்டு வேறு, வேலை வேறு" என்பார்கள். நம்ம ஊர் பட்டாசுக் கடை பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 80% தள்ளுபடி, அதற்குமேல் தீபாவளித் தள்ளுபடி 10%. மொத்தம் 90% ஆ, 82% ஆ? 2, 2, 4 கேட்ட அதே கேள்வி!

கோட்டை விட்டால் என்ன ஆகும்? 2005 செப்டம்பரில் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில், ஒரு சண்டைக்களத்துக்குள் மட்டுமே இருக்க வேண்டிய 'நோய்' வளர்ப்பு மிருகங்கள் வழியாக நகரங்களுக்குப் பரவியது. "மிருகத்தை வெளியே கொண்டுபோய்க் கூப்பிட்டால்?" என்ற ஒரு சோதனை போதும், அப்போதே மாட்டியிருக்கும்.

சும்மா ஸ்கோர் ஏற்றுவது டைம்பாஸ்தான், மறுக்கவில்லை. ஆகவே அரை மணி நேரம் விளையாட்டு, அரை மணி நேரம் எழுத்து. என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது? பக்கத்து பெஞ்ச் அதைப் படித்து அதே பக்கை மறுபடி வரவழைக்க வேண்டும். முடியாவிட்டால் ரிப்போர்ட் ஃபெயில். 2009-ல் பெங்களூருவில் தொடங்கிய வீக்எண்ட் டெஸ்டிங்கிலும் இப்படித்தான், ஆன்லைனில் கூடிச் சோதித்தார்கள், பிறகு உட்கார்ந்து அலசினார்கள்.

பட்டாசு ஆலையின் மருந்து அறையில் தப்பு செய்து பார்த்துக் கற்க முடியாது. தப்பின் விலை உயிர் என்று நம்ம ஊருக்குத் தெரியும். கேமில் நூறு முறை உடைத்துப் பார்க்கலாம், யாருக்கும் ஒரு கீறல் விழாது. இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சோதனைக்கூடத்தைப் பூட்டி வைத்துவிட்டு, எங்களிடம் 'பிராக்டிகல் நாலெட்ஜ்' இல்லை என்று புலம்பாதீர்கள்!