கூலியும் கொடையும்

"செல்வர்கள் இருப்பதனால்தானே ஊருக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வருகின்றன; அவர்களிடம் கணக்குக் கேட்கலாமா?" என்று வினவுவோர் நம்மிடையே உண்டு. இவ்வினாவில் ஒரு மயக்கம் பொதிந்துள்ளது.

அமெரிக்க எஃகுத் தொழிலின் அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி, செல்வர் தம் வாழ்நாளிலேயே பொருளைப் பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்று 1889இல் எழுதினார். எழுதியவாறே 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு வாரி வழங்கினார். ஆனால் 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் நடந்ததென்ன? கூலிக் குறைப்பை ஏற்க மறுத்த தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவடைத்தனர்; தனியார் காவற்படையை ஏவினர்; இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன; சங்கம் முறிந்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் வெந்தவனுக்கு நூலகம் செல்ல நேரமேது?

அதே காலத்தில்தான் நம் தென்பாண்டிச் சீமையிலும் ஆலைச் சங்கு ஒலித்தது. பாபநாசத்து அருவி நீரின் விசையை நம்பி நூற்பாலை கண்ட ஹார்வி நிறுவனத்தார், தூத்துக்குடியில் கோரல் ஆலையையும் நிறுவினர். 1908 பிப்ரவரியில் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் போராடிப் பெற்றவையே. எவரும் மனமுவந்து ஈந்தவை அல்ல.

இது பழங்கதையா? பாளையம்பட்டி, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் குடும்பம் என்ன செய்யும்? இத்தகைய வறண்ட சீமைகளின் இளம்பெண்களைக் குறிவைத்தே, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழக நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' பரவியது. மூன்றாண்டு விடுதியில் அடைபட்டு உழைத்தால், இறுதியில் திருமணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை! இடையில் நோயுற்று வெளியேறினால் அதுவும் இல்லை என்ற முறையீடுகள் எழுந்தன. அத்தொகை யாருடையது? மாதந்தோறும் பிடித்து வைத்த கூலியல்லவா? பறித்ததைத் திருப்பித் தருவதற்குப் பரிசென்று பெயரா?

ஜகாத் ஏழையின் உரிமையென்று அறிந்த சமுதாயம் நாம். உழைத்தவன் கூலியோ அதற்கும் முந்திய கடன். கடனைத் தீர்க்காதவன் கொடையாளி ஆவதெங்ஙனம்?

ஆகவே, நன்கொடை பெற்றுக் கல்வெட்டில் பெயர் பொறிக்குமுன் நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்கட்டும், மகளை ஆலைக்கு அனுப்புமுன் பெற்றோர் கேட்கட்டும்: "மாதக் கூலி மாதந்தோறும் கைக்கு வருகிறதா?" இதற்கு விடை தராத வள்ளலின் மண்டபம் நமக்கு வேண்டாம்.