பருவங்கள் எவருக்காகவும் அழுவதில்லை

ஏற்காட்டில் காப்பித் தோட்டமொன்றை அடுத்த விடுதியில் உறவினர் சிலர் கூடியிருந்தோம். கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி ஆங்கில நாவலொன்றில் ஆழ்ந்திருந்தாள். தேவர்களின் காதலும் பருவ மாற்றமும் கலந்த கற்பனைக் கதை. அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அவளுடைய பெரியத்தா, “சாமி கதையா? தூக்கிப் போடும்மா!” என்றார். அவள் நூலை மூடினாள், மனத்தையும் மூடிக்கொண்டாள்.

தடை ஒருபோதும் விடையாகாது என்பதே நம் வாதம்.

இத்தகைய நாவல்கள் பலவற்றுக்கு மூலம் கிரேக்கப் பழங்கதை. மலர் கொய்துகொண்டிருந்த பெர்செஃபனியைப் பாதாள வேந்தன் ஹேடீஸ் கவர்ந்து செல்கிறான். தாய் டெமீட்டரின் துயரால் மண் விளையாதொழிகிறது. மகள் மீண்டு வரும் மாதங்களில் மட்டுமே பூமி செழிக்கிறது. பழங்கதை அதனைக் கவர்தல் என்றே கூறிற்று. தாயின் ஓலத்தையும் மறைக்கவில்லை. இன்றைய புனைவுகள் பலவோ கவர்ந்தவனைக் கனிந்த காதலனாக்கி, தாயைக் கொடியவளாக்குகின்றன. நம் முதல் வழக்கு இதுவே. பெண்ணின் இசைவைக் கேட்டே மணம் முடிக்க வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பெரியத்தா சொல்லியிருக்க வேண்டியது இதனை அன்றோ?

இரண்டாவது வழக்கு: மனத்துயருக்கு வானம் வளையுமா? ஹிஜ்ரி 10-இல், அதாவது கி.பி. 632-இல், நபிகளாரின் மழலை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகளார் தெளிவுறுத்தினார்கள். கண்ணீர் வடித்த தந்தை, அக்கண்ணீரைக் கதிரவன் மேல் ஏற்றவில்லை. இதனினும் உருக்கமான காட்சி எந்த நாவலில் உண்டு?

மேலும், அந்நாவல்கள் காட்டும் பருவம் இம்மலைக்கே பொருந்தாது. சேர்வராயன் மலையில் கோடை மழை தொட்டதும் காப்பிச் செடி வெண்ணிறப் பூக்களைச் சொரிகிறது. பழம் சிவந்து கூடை நிறைவதோ பனிமூட்டம் கவியும் கார்த்திகை, மார்கழியில். குளிர்காலம் இங்கே மலட்டுக் காலமன்று. கூலி கிடைக்கும் காலம்.

ஆயின், தெய்வப் பெயர் கலந்த இலக்கியமே ஆகாது என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. இம்மலையின் பெயரே மலைவாழ் மக்கள் வழிபடும் சேர்வராயன் பெயர்தான். அப்பெயரைச் சொல்லாமல் இங்கு வழி கேட்கவும் இயலாது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குச் சேயோனையும், கூதிரையும் முன்பனியையும் வகுத்தது. அம்மரபில் தோய்ந்த உமறுப்புலவர், சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் அரபு நாட்டையே மழை பொழியும் மலையும் பெருக்கெடுக்கும் ஆறும் உடைய தமிழ்த் திணைநிலமாகப் பாடினார். மரபின் அழகை ஏற்றார், ஈமானை இழந்தாரில்லை. அவர் அஞ்சியிருந்தால் நமக்குச் சீறா கிடைத்திராது.

பெற்றோரே! பிள்ளையின் கையிலுள்ள நூலைப் பறிக்குமுன், அவ்விடத்தில் வைக்க நம் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சீறா இல்லாத அலமாரிக்கு, பிறர் நாவலைக் கடியும் உரிமை ஏது? அருகமர்ந்து படியுங்கள், வாதிடுங்கள். சிந்திக்கப் பழகிய ஈமானை எந்தக் கதையும் கவர்ந்து செல்லாது.