வில்லுக்கு உடையவர் போனபின்

உடன்குடி என்றதும் நேயர்களின் நாவில் கருப்பட்டி இனிக்கும். 2023-ம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடு என்னும் கௌரவமும் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த வாரம் நாம் சொல்ல வந்தது சற்றுக் கசப்பான விஷயம்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வில்லுப்பாட்டு அண்ணாவி இருந்தார். சுற்று வட்டாரத்துக் கோவில் கொடைகளில் ஐம்பது வருஷம் பாடியவர். ஏட்டில் எழுதாத கதைகள் பல அவர் நெஞ்சில் இருந்தன. "ஐயா, ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து உங்கள் பாட்டு முழுவதையும் படம் பிடித்து வைக்க வேண்டும்" என்று நான்கு வருஷமாகச் சொல்லி வந்தோம். "வாரும் சார்வாள், நான் எங்கே போகப் போகிறேன்?" என்று அவர் சிரிப்பார். நமக்கோ பரீட்சை, விடைத்தாள், விடுமுறைப் பிரயாணம் என்று ஏதாவது ஒன்று குறுக்கிடும். சென்ற ஆடியில் அவர் காலமானார். வில் இப்போது அவர் வீட்டுச் சுவரில் சாத்திக் கிடக்கிறது. குடத்தைத் தண்ணீருக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த உறுத்தல் தீராமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சில ஆவணப் படங்களைப் போட்டுக் காட்டினோம். முதலாவது, சத்யஜித் ராய் 1976-ல் எடுத்த 'பாலா'. பள்ளிப் பருவத்திலேயே கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் நடனத்தைக் கண்டு பிரமித்தவர் ராய். ஆனால் காமிராவுடன் அவர் முன் நின்றபோது அம்மையாருக்கு வயது 58. கடற்கரை மணலில் 'கிருஷ்ணா நீ பேகனே'க்கு அவர் அபிநயம் பிடிக்கிறார். காற்று புடவையைப் பிடுங்குகிறது. முகமும் கைகளும் கண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. பார்த்த பிள்ளைகள் மூச்சு விடவில்லை. ஆயினும் ஒரு குறையை அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தாயார் ஜயம்மாள் பாட, மகள் ஆடுவதுதான் அந்தக் கலையின் உயிர் நிலை என்று அன்றைய ரசிகர்கள் போற்றினார்கள். ஜயம்மாள் 1967-லேயே மறைந்துவிட்டார். ராயின் படத்தில் மகள் இருக்கிறார். தாயின் குரல் இல்லை.

இரண்டாவது படம், அம்ஷன் குமார் 2015-ல் எடுத்து, தேசிய விருதும் பெற்ற, தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியைப் பற்றியது. அவர் 1975-ல் காலமானவர். நாற்பது வருஷம் கழித்து வந்த காமிரா, அவர் வாசிப்பைக் கேட்டவர்களின் நினைவையும் எஞ்சிய ஒலிப்பதிவுகளையும் தேடித் திரட்ட வேண்டியதாயிற்று. பத்து விரல்களின் மாயத்தைப் பிறர் வாய்ச்சொல்லால் கேட்பதென்றால், விருந்தைப் பற்றிக் கேட்டுப் பசியாறுவது போலத்தான்.

காலத்தில் முந்திக்கொண்ட தமிழரும் உண்டு. ஏ. கே. செட்டியார் காந்தியடிகள் உயிரோடு இருக்கும்போதே, பல தேசங்களில் சிதறிக் கிடந்த படச் சுருள்களைத் தேடி லட்சம் மைல் அலைந்து, 1940-ல் தமிழிலேயே ஒரு படத்தை வெளியிட்டார். அந்தப் படமும் பிற்காலத்தில் காணாமற் போய், அதன் ஆங்கில வடிவம் ஒன்று பல்லாண்டு கழித்து அமெரிக்காவில் அகப்பட்டது. எடுத்து வைப்பது ஒரு பாதி; காத்து வைப்பது மறு பாதி.

இவ்விரண்டையும் செய்து காட்டிய நாடு ஒன்றுண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிரியர்ஸன் 1929-ல் வட கடலில் மீன்பிடிப்போரைப் பற்றி 'டிரிஃப்டர்ஸ்' என்ற படம் எடுத்தார். நம் சாளைக்குச் சொந்தமான ஹெர்ரிங் மீனைத் தேடிப் போகும் படகுகளின் கதை அது. அலையும் வலையும் தெரியும். பேசாப் படமாகையால் மனிதர் குரல் கேளாது. அந்தக் குரலைத் தேடத்தானோ என்னவோ, 1951-ல் எடின்பரோ சர்வகலாசாலை தன் நாட்டுப் பண்பாட்டு ஆராய்ச்சிக்கென்றே ஒரு துறையைத் தொடங்கியது. அறிஞர்கள் ஒலிப்பதிவு யந்திரத்தைச் சுமந்துகொண்டு பண்ணை வீடுகளுக்கும் நாடோடிகளின் கூடாரங்களுக்கும் போனார்கள். 1953-ல் ஏபர்டீன் நகரத்தில் ஜீனி ராபர்ட்ஸன் என்ற நாடோடிக் குலப் பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டினார் ஹாமிஷ் ஹென்டர்ஸன். அந்த அம்மாளின் பாட்டு இன்று உலகத்தின் சொத்து.

நம் ஊரில் யந்திரத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் காளி வேடம் கட்டியவரைச் சுற்றி ஆயிரம் செல்போன்கள் நீளுகின்றன. வேடம் கண்ணைப் பறிக்கிறது; நியாயந்தான். ஆனால் கொடையில் நடுநிசிக்கு மேல் வீசுகோலைத் தட்டிப் பாடுகிறவருக்கு முன்னால் ஒரு போன்கூட நிமிர்வதில்லை.

படக்காட்சி முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க தாத்தா பனையேறி. மரத்து மேலே இருந்துகிட்டே பாடுவாரு. அதையும் எடுக்கலாமா?" என்று கேட்டான். "நாளைக்கு..." என்று நம் வாய் தானாகவே தொடங்கியது. சட்டென்று நிறுத்திக்கொண்டோம். அன்று மாலையே தேரிக்காட்டுக்குப் போனோம். விடிலியில் பதநீர் கொதிக்கும் ஓசையும் காற்றில் ஓலை உரசும் ஓசையும் குறுக்கிட, கிழவர் கூச்சத்துடன் நாலு பாட்டுப் பாடினார். ஐந்தாவது மறந்துவிட்டது. "ஆத்தா இருந்தா எடுத்துக் கொடுப்பா" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பாட்டி தாலாட்டோ, ஒப்பாரியோ, நடவுப் பாட்டோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடும். இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும் அவர் அருகில் போய் உட்காருங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், என்றைக்குப் பாடினார் என்பதையெல்லாம் கேட்டு எழுதி, பாட்டோடு சேர்த்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நடுவில் கோழி கூவினாலும் பாதகமில்லை.