குருதிச் சோதனையும் குடும்ப அமைதியும்



இல்லறத்தில் ஐயம் நுழைவதற்குப் பெரிய காரணம் வேண்டுவதில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாளில் ஒரு வரி போதும். கருவுற்ற பெண்களுக்கும், கரு தங்காமற்போன பெண்களுக்கும் 'டார்ச்' என்னும் குருதிச் சோதனையை எழுதிக் கொடுப்பது நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் உள்ள வழக்கம். அச்சோதனை தேடும் கிருமிகளுள் ஹெர்பீஸும் ஒன்று. 'ஹெர்பீஸ் பாசிட்டிவ்' என்று அச்சிட்ட தாளைக் கண்டதும், மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் முன்னரே, மனைவியின் நடத்தையை ஐயுற்று அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும் கணவர்களும் உளர். பேசக் கூசும் பொருள்தான். எனினும் பேசாதிருப்பதால் விளையும் தீங்கு பெரிதாகையால், இத்திங்கள் இதனை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். நம் மக்கள் 'அக்கி' என்று அழைக்கும் நோயை மருத்துவர்கள் 'ஹெர்பீஸ் ஸாஸ்டர்' என்பர். அது சின்னம்மையை உண்டாக்கும் கிருமியால் வருவது. நாம் ஈண்டுக் கூறுவது அதுவன்று. நாம் கூறும் ஹெர்பீஸ் கிருமியில் இரு வகைகள் உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரத்தில் கொப்புளங்களை எழுப்புவது. குழந்தைப் பருவத்திலேயே, பெற்றோர் உற்றார் இடும் முத்தத்தின் வழியாகவே பலருக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் வகை பிறப்புறுப்பைச் சார்ந்தது. ஏறத்தாழ எப்போதும் உடலுறவினால் பரவுவது. முதல் வகையும் சில வேளைகளில் பிறப்புறுப்பைத் தாக்கக்கூடும். 2020ஆம் ஆண்டு நிலையைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் 64 விழுக்காட்டினரிடம் முதல் வகையும், 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் 13 விழுக்காட்டினரிடம் இரண்டாம் வகையும் உள்ளன. இவர்களுள் பெரும்பாலோர்க்கு யாதோர் அறிகுறியும் தோன்றுவதில்லை. தம்மிடம் கிருமி இருப்பதை அவர்கள் அறியார்.

இனி, தாளைப் படிக்கும் முறையைக் காண்போம். இச்சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே தேடுகிறது. அதில் 'ஐ.ஜி.எம்.', 'ஐ.ஜி.ஜி.' என இரண்டு உண்டு. ஐ.ஜி.எம். இருப்பின் நோய் புதிதாக வந்தது என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அது தவறு. பழைய நோய் மீண்டும் தலைகாட்டும்போதும் அது தோன்றலாம். வேறு கிருமிகளாலும் பொய்யாகத் தோன்றலாம். ஆதலின் ஹெர்பீஸைக் கண்டறிய அதனை நம்ப வேண்டாம் என்பதே வல்லுநர் கருத்து.

ஐ.ஜி.ஜி. சோதனை ஓரளவு நம்பத்தக்கது. ஆயினும் அது முதல் வகையா இரண்டாம் வகையா என்று பிரித்துக் காட்டினாலன்றிப் பயனில்லை. இரண்டாம் வகைக்கு எண் குறிக்கப்பட்டிருப்பின் அந்த எண்ணையும் நோக்க வேண்டும். பரவலாக வழங்கும் சோதனை முறையில் 1.1க்கு மேற்பட்டால் 'பாசிட்டிவ்' என்று அச்சாகும். ஆனால் 3க்குக் குறைந்த எண்கள் பல வேளைகளில் பொய்யாகிவிடுகின்றன. ஆகவே அவற்றை வேறொரு முறையால் உறுதிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. 2023இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமும் இப்பொய் முடிவுகளைக் குறித்து மருத்துவர்களை எச்சரித்தது. மறுபுறம், நோய் தொற்றிய தொடக்கத்தில் சோதித்தால் 'இல்லை' என்று வரக்கூடும்; எதிர்ப்பொருள் உருவாக 12 வாரங்கள்வரை ஆகலாம். புண் இருக்கும்போது அதிலிருந்தே நீரெடுத்துச் சோதிப்பது மேலான வழி.

முடிவு உறுதியானாலும், கிருமி உடலைச் சந்தித்ததுண்டு என்பதை மட்டுமே தாள் கூறும். என்று வந்தது, எவரால் வந்தது, உடலில் எவ்விடத்தில் உள்ளது என்பவற்றை அது கூறாது. நரம்பு மூலத்தில் ஒளிந்துகொண்டு பல்லாண்டுகள் உறங்கும் இயல்பு இக்கிருமிக்கு உண்டு. முதல் வகையென்றால் அது தொட்டிலிலேயே வந்திருக்கலாம். இரண்டாம் வகையென்றால், மணத்திற்கு முன் வந்ததாகவும் இருக்கலாம். தமக்கு இருப்பதை அறியாத கணவரிடமிருந்தே மனைவிக்கு வந்ததாகவும் இருக்கலாம். கருவுற்றவள் என்பதால் மனைவி சோதிக்கப்படுகிறாள்; கணவரோ சோதிக்கப்படுவதில்லை. சோதிக்கப்பட்டவள் குற்றவாளிக் கூண்டில் நிற்க, சோதிக்கப்படாதவர் நீதிபதியாய் அமர்வது எவ்வகையில் நீதியாகும்? தம் குருதியைத் தராத எவரும் பிறர் குருதியைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

அவ்வாறாயின் அஞ்ச வேண்டியதே இல்லையா? அங்ஙனமும் நாம் கூறவில்லை. ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாதபோது, தொற்றும் வாய்ப்பு உண்மையாகவே உண்டு. புண் இல்லாத நாட்களிலும் கிருமி தோலின்மேல் வெளிப்படக்கூடும். அறிகுறியே தோன்றாத இரண்டாம் வகையினரிடமும் ஏறத்தாழப் பத்து நாட்களில் ஒரு நாள் அது வெளிப்பட்டதை 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆயினும் இவ்வாய்ப்பைக் குறைக்க இயலும். 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் நோயுள்ள 1,484 இணையர் 8 மாதங்கள் கவனிக்கப்பட்டனர். மருந்து கொள்ளாதோரின் துணைவருள் 100க்கு 3.6 பேருக்கும், 'வாலாசைக்ளோவிர்' மாத்திரையை நாள்தோறும் கொண்டோரின் துணைவருள் 100க்கு 1.9 பேருக்கும் தொற்றியது. நோயை முற்றும் அகற்றும் மருந்து இல்லையெனினும், அடக்கி வைக்கும் மருந்து உண்டு என்பது இதனால் விளங்கும். புண் இருக்கும்போதும், அதற்கு முன்னறிவிப்பாக அரிப்போ குறுகுறுப்போ தோன்றும்போதும் தம்பதியர் விலகியிருத்தல் இன்றியமையாதது. ஆணுறை தொற்றைக் குறைக்குமேயன்றி முற்றும் தடுக்காது. அது மூடாத தோலிலிருந்தும் கிருமி வெளிப்படும்.

கழிப்பிடம், படுக்கை, துவாலை, உண்கலம் இவற்றால் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் பரவுவதில்லை. ஆகவே மருமகளுக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் ஒதுக்கும் வீட்டார், நோயைத் தடுப்பதில்லை. ஒரு பெண்ணின் மனத்தையே புண்படுத்துகின்றனர்.

பிறக்கும் குழந்தையைப் பற்றியும் ஒரு சொல். தாய்க்கு முன்னரே உள்ள நோய் மகப்பேற்றின்போது குழந்தைக்குப் பரவுவது 100க்கு ஒன்றினும் குறைவு. ஏனெனில் தாயின் எதிர்ப்பொருளே சேயைக் காக்கிறது. பேறுகாலத்தை ஒட்டி முதன்முறையாகத் தாய்க்குத் தொற்றினால்தான் அது 100க்கு 30 முதல் 50 வரை உயர்கிறது. எனவே கணவருக்கு நோயிருந்து மனைவிக்கு இல்லையெனில், கடைசி மூன்று மாதங்கள் கணவர் விலகியிருத்தல் கடமை. நோயுள்ள தாய் அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. கடைசி வாரங்களில் மருந்தும், பேற்றுவேளையில் புண்ணிருப்பின் அறுவை மகப்பேறும் சேயைக் காக்கும். உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், பாட்டியே ஆயினும், பச்சிளங்குழந்தையை முத்தமிடலாகாது.

நம் குடும்பங்களுக்கு நாம் கூறுவது இதுவே: தாள் கைக்கு வந்ததும் கணவனும் மனைவியும் ஒருங்கே மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த வகை, எந்த எண், உறுதிப்படுத்த வேண்டுமா என்று கேளுங்கள். கணவரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்பதையும் கேளுங்கள். தமக்கு நோயுண்டென அறிந்தவர் துணைவருக்கு அதைச் சொல்லிவிடக் கடமைப்பட்டவர். மறைத்துத் தொற்றவிடுவது அன்பாகாது. கேட்பவர் சினவாது செவிமடுக்கக் கடமைப்பட்டவர். சொன்னதற்காகத் தண்டித்தால் பின்னர் எவர் உண்மை சொல்வார்? இருவரும் மருத்துவரும் அறிந்தால் போதும். அண்டை அயலாரும் உறவினரும் அறிய வேண்டிய செய்தியன்று இது. இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று பீடத்தின்முன் உரைத்த வாக்கில் இந்த நோயும் அடங்கும்.